நீட்ட முடியாத சுரம்

தட்டிவிட்டார் அத்தான். உள்ளறைக் கட்டிலின் கம்பியில் மோதிரம் படுகிற சத்தம், ஒன்றே ஒன்று. ஒரு தட்டு என்றால் தப்பு, நிறுத்து. இரண்டு தட்டு என்றால் சரி, மேலே போ. விடாமல் தட்டினால் மட்டும் கித்தாரைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், சளி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நானேதான் இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தேன். தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பெண்டாட்டியைக் கூப்பிட ஒரு வழி வேண்டாமா என்று நினைத்தேன். கூப்பிடக் கொடுத்ததை அவர் பாட்டு வாத்தியார் வேலைக்கு எடுத்துக்கொண்டார். சரி மேபல், முதலிலிருந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எந்த இடத்தில் தப்பு என்று அவராலும் சொல்ல முடியாது, எனக்கும் கேட்க மனதில்லை. கேட்டால் போனில் எழுதிக் காட்டுவார், அதற்கு எழுந்து போக வேண்டும், அவர் கண்ணாடியைத் தேடிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு எழுத்தாக அவர் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுதி முடிக்கும்போது எனக்குக் கோபம் வந்திருக்கும், அவருக்கு மூச்சு வாங்கியிருக்கும். தட்டே தேவலை. நாலரை மணிக்கு வீட்டு ஜெபத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. பாய் விரித்தாகிவிட்டது, பாலை அடுப்பில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. போதகர் வருவார், எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், கூடவே அவர் மனைவி ஐயரம்மா வருவார். உட்கார்ந்ததும் ஐயரம்மா கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, விரல் ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

பாட்டு அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அத்தான் இட்ட மெட்டுதான், அசனப் பண்டிகைக்காக, எங்களுக்குக் கல்யாணமான புதிதில். அண்டாவில் சோறு பொங்கிச் சபையே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. பந்திக்கு முன்னால் இதைப் பாடாமல் ஒருவர் இலையில் கை வைக்க மாட்டார்கள். நாலே வரி. பிள்ளைகளும் பாட வேண்டும் என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் போட்டார். மெல்லிய தந்தி இரண்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் போய் வந்தால் போதும், மெட்டு வந்துவிடும். அதைக் காலையிலேயே வாசித்துக் காட்டினேன், இரண்டு தட்டு வாங்கினேன். அதற்கு அடியில் கட்டைவிரல் தடித்த தந்தியில் பேஸ் போட வேண்டும். முதலில் ஒரு தாளத்துக்கு ஒன்று, சி என்றால் ஐந்தாம் தந்தி, ஜி என்றால் ஆறாம் தந்தி. அது படிந்ததும் நடுவில் கிடக்கிற தந்திகளை மெட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் சேர்த்து இழுத்துவிட வேண்டும், அது கார்ட்ஸ். மூன்று ஆள் வேலை ஒரு கையில். பெங்களூரிலிருந்து மகள் ஷெரின் வீடியோவாக அனுப்புகிறாள், தாடி வைத்த ஒரு பையன் கட்டைவிரலை உங்களோடு சம்பந்தமில்லாத ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். சொல்ல அவனுக்கென்ன. போன ஞாயிறு போனில் இவளும் அதையே சொன்னாள். “ம்மா, கட்டைவிரல் அது பாட்டுக்கு நடக்கட்டும். நீ ஏன் அதப் பாத்துக்கிட்டே இருக்க?” பார்க்காமல் எப்படி இருப்பது? பார்க்காவிட்டால் அது மெட்டின் பின்னாலேயே ஓடிவிடுகிறது. மெட்டு இரண்டு எட்டு வைத்தால் அதுவும் இரண்டு எட்டு, மெட்டு நின்றால் அதுவும் நின்று மூஞ்சியைப் பார்க்கிறது. வெட்கங்கெட்ட விரல். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள் நான், என் கையில் முளைத்த ஒரு விரலை என்னால் தனியாக நிற்க வைக்க முடியவில்லை. அதன்மேலும் தப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதற்கு நான் கொடுத்த வேலை அதுதான். அவர் பாடுவார், அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நான் நிறுத்த வேண்டும், இழுத்தால் இழுக்க வேண்டும், அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தால் கித்தார்க் கழுத்தில் தந்திகளைக் கவ்விப் பிடிக்கிற கேப்போவைக் கீழே நகர்த்த வேண்டும். கேப்போ இப்போதும் நாலாவது கட்டத்தில்தான் மாட்டியிருக்கிறது. அது அவர் குரலுக்கு வைத்த இடம். குரல் போனபிறகு அதைக் கழற்றினால் என்ன என்று ஒருநாள் கழற்றினேன், ஒரு தட்டு விழுந்தது, திரும்ப மாட்டிவிட்டேன்.

இதோ, இரண்டாம் வரி வரைக்கும் வந்துவிட்டேன், சத்தமில்லை. மூன்றாம் வரிக்கு முன்னால் நின்றுகொள்கிறேன், விரல் வலிக்கிற மாதிரி. வலிக்கவில்லை. போன ஞாயிறு கோயில் ஆராதனையில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஐயர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். வாலிபர் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, அதற்கு அடுத்ததாக, நம் பாடற்குழுத் தலைவர் ஜெபசிங் அண்ணாச்சியின் ஊழியம் நிற்கவில்லை, வருகிற ஞாயிறு தொடங்கி அண்ணாச்சியின் குரலாக அவருடைய துணைவியார் கித்தாரில் பாட்டுகளை நடத்துவார். குரலாக. நான் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைக்குள் காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். யாருடைய துணைவியார் என்று நிமிர்ந்து பார்த்தேன், அத்தனை தலையும் என்னைப் பார்க்கிறது. கோயிலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சிரிப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். இழவுச் செய்தி சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வந்துவிடும். சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்தான் முன்பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. திரும்பவே இல்லை. போனில் எழுதி ஐயருக்கு அனுப்பியிருக்கிறார், எனக்கு ஒரு வரி எழுதவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். “என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அத்தான்?” அவர் மெதுவாகக் குத்தி நீட்டினார். நீ மாட்டேன்னு சொல்லுவியா மேபலு? கழுத்தில் துளையோடு இருக்கிற மனுஷனிடம் யார்தான் மாட்டேன் என்று சொல்வார்கள்? அதைத் தெரிந்துகொண்டு எழுதினாரா, இல்லை நான் மாட்டேன் என்று சொல்வேன் என்று அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட நினைத்ததே இல்லையா? இரண்டாவதுதான் இருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம். வாராவாரம் முன்பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார், நான் எதிரே உட்கார்ந்து வாசிப்பேன், ஒவ்வொரு சுரத்துக்கும் பெஞ்சு மரத்தில் மோதிரம் தட்டும், சபை அதைக் கண்ணீரோடு பார்த்து ஸ்தோத்திரம் சொல்லும். செத்தாலும் வெளியே வர முடியாது. ஐயரம்மா இன்றைக்குக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டால் அவ்வளவுதான், முடிந்தது. ஆட்டாமல் இருக்க வேண்டும். ஆட்டாமல் இருந்தால் மட்டும் போதுமா, வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவருக்குத் திருப்பிச் சொல்ல வாய் இல்லாதபோது. இங்கேதான் ஒவ்வொரு முறையும் வந்து முட்டிக்கொள்கிறேன். பாலை வைக்க வேண்டும்.

வைத்துவிட்டு வந்தாயிற்று, பால் பொங்கட்டும், மூன்றாம் வரி. கிருபை என்று ஒரு சொல் வரும், அதை அவர் நீட்டுவார். சும்மா இல்லை, சபை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், பின்வரிசைப் பையன்கள் யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறான் என்று பந்தயம் கட்டுவார்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும், அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் அடியில் சி கார்டையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருப்பேன், எப்போது இறங்குவார் என்று அவர் முதுகைப் பார்த்தபடி. நல்ல குரல். அதில் பொய் சொல்லக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அப்பாவிடம் சரி என்று தலையாட்டினேன். ஆனால் வீட்டிலும் அதே குரல்தான். குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஷெரின் பரீட்சைக்குப் படிக்கும்போது, நான் ஒரு சொல் பேச வாயெடுக்கும்போது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றேன். வீட்டில் சத்தமே இல்லை. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துப் போகிறான், அது கேட்கிறது. எனக்கு எப்படி இருந்தது என்று யாரிடம் சொல்ல முடியும்? அப்பாடா என்று இருந்தது. இருந்தது, என்ன செய்ய? அவர் தவித்துக்கொண்டிருக்கிறார், நான் ரசத்துக்குத் தாளித்தபடி அப்பாடா என்று நிற்கிறேன். அந்த அமைதியில்தான் பரண்மேல் கிடந்த கித்தார் பெட்டியை எடுத்தேன், மெட்டையும் பேஸையும் சேர்த்து என் கையாலேயே வாசித்துப் பார்ப்போமே என்று, எனக்காக, யாருக்கும் துணையாக இல்லாமல். ஒரு வாரம் அது எனக்கு மட்டும் இருந்தது. அப்புறம் அவர் காது கொடுக்க ஆரம்பித்தார், அப்புறம் மோதிரம், அப்புறம் ஐயருக்குச் செய்தி. கித்தாரில் அந்தக் கிருபையை நீட்ட முடியாது, அத்தான். அதற்காகத்தான் இத்தனை நாளும் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? தந்தியைத் தட்டிய நிமிஷத்திலிருந்து அது குறைய ஆரம்பித்துவிடும். யார் வாசித்தாலும் குறையும். திரும்பத் திரும்பத் தட்டினால் தபாலாபீஸில் தந்தியடிக்கிற மாதிரி இருக்கிறது, தட்டாமல் விட்டால் ஓட்டையாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தட்டுதான் கிடைக்கிறது.

வந்துவிட்டது. சுண்டுவிரல் மெல்லிய தந்தியின் மூன்றாம் கட்டத்தில், கிருபை, அது ஒலித்துக் குறைகிறது. இப்போது கட்டைவிரல் சி. அங்கேயே நிற்கவேண்டியது, அது நிற்கவில்லை. இடக்கை விரலையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு படி இறங்கியது, நான் இறக்கவில்லை, சத்தியமாக இல்லை, நான் பால் பொங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு படி இறங்கித் தந்தியைச் சும்மா விட்டுத் தட்டியது, அதுபாட்டுக்கு, ஏ. மேலே அதே சுரம்தான், சுண்டுவிரல் அசையவே இல்லை. அடியில் வேறொருவர் வந்து நின்றதும் அதன் முகம் மாறிப்போய்விட்டது. இத்தனை வருஷமும் ஸ்தோத்திரமாக இருந்த கிருபை இப்போது கெஞ்சுகிறது. நீளவில்லை, குறைந்துகொண்டேதான் போகிறது, ஆனால் குறைவது கேட்க நன்றாக இருக்கிறது, கட்டைவிரல் நடந்துகொண்டிருப்பதால் அது போவதைக் கூடவே இருந்து வழியனுப்புகிற மாதிரி. தட்டு. வந்துவிட்டது தட்டு. ஒன்று. தெரியும் அத்தான், ஸ்தோத்திரப் பாட்டில் என்னத்துக்கு அழுகை என்று குத்துவீர்கள். மறுபடி அதே வரி, மறுபடி இறங்குகிறேன், இந்த முறை நான்தான் இறக்குகிறேன், தெரிந்தே இறக்குகிறேன். தட்டு. நிறுத்து என்கிறார். கை நின்றுவிடப் பார்க்கிறது, பழக்கம் அப்படி, தோளிலிருந்து நின்றுவிடப் பார்க்கிறது. விடவில்லை. நாலாம் வரிக்குப் போகிறேன், திரும்ப முதல் வரி, நடுத் தந்திகளையும் சேர்த்து இழுக்கிறேன், கார்ட்ஸ் வருகிறது, பேஸ் வருகிறது, மூன்றும் வருகிறது, தாடிக்காரன் சொன்ன சம்பந்தமில்லாத ஆள் இந்தக் கட்டைவிரல்தானா? தட்டு. நான் மாட்டேன், நான் நிறுத்த மாட்டேன், ஜெபத்துக்கு ஆள் வந்தாலும் நிறுத்த மாட்டேன். ஐயரம்மா கேட்கட்டும், மாட்டேன் என்பது ஒரு சொல்தானே, தெரியாத சொல்லா? பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், தட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் எனக்குச் சுலபம், கோபத்திலேயே சொல்லிவிடுவேன். மூன்றாம் வரி. கிருபை. இறங்குகிறேன். தட்டு இல்லை.

தட்டு இல்லை. இரண்டு தட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டாரா? கோபம் என்றால் கம்பியே பெயர்ந்துவிடுகிற மாதிரி அல்லவா தட்டுவார். சளி. சளி அடைத்தால் விடாமல் தட்டுவார், தட்ட முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டால்? அந்தத் துளை எவ்வளவு சின்னது, நான்தானே தினமும் துடைக்கிறேன், ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. எழுந்து போ மேபல். போகிறேன். எழுந்து போனால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார், நிறுத்திவிட்டாய் பார்த்தாயா என்று பார்ப்பார், அதற்கப்புறம் ஆயுசுக்கும் நிறுத்த வேண்டியதுதான். போகாமல் இருந்து ஏதாவது ஆகியிருந்தால்? புருஷன் மூச்சுக்குத் திணறும்போது கித்தார் வாசித்தவள். என் விரல்கள் என்ன செய்கின்றன பார், அவை நிற்கவில்லை, நான் இங்கே உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கட்டைவிரல் சொன்ன சொல் கேட்காமல் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. வேண்டாத நேரத்தில் வந்த வித்தை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை. அடுப்பில் வைத்ததையே மறந்துவிட்டேன். நாலாம் வரியில் பாதி இருக்கிறது. பாதி வரிதானே. முடித்துவிட்டுப் போனால் என்ன, முடிக்காமல் போனால் என்ன? காதைத் தீட்டினால் மூச்சு கேட்கிறதா, அது மூச்சா, மின்விசிறியா? கர்த்தாவே, மூச்சாக இருக்கட்டும். முடித்துவிட்டேன். கடைசி சுரம் குறைவதற்குள் கித்தாரைப் பாயில் போட்டுவிட்டு ஓடினேன், போகிற வழியில் அடுப்பை அணைத்தேன், அதையும் செய்தேன், கை அதன் பாட்டுக்குச் செய்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு சீராகத்தான் வருகிறது, கழுத்துத் துணி ஏறி இறங்குகிறது. சளியும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்த வேகத்தில் திட்டத்தான் வாயெடுத்தேன், என்ன அத்தான் இப்படிப் பயங்காட்டுறீங்க என்று, அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு பள்ளியில் கை சும்மா இருக்காத பிள்ளைகளை டீச்சர் உட்காரச் சொல்வார்களே, அந்த மாதிரி. உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு. கண் சிவந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, தட்டிவிடக்கூடாது என்று அவராகவே. எத்தனை வரி இப்படி உட்கார்ந்திருந்தாரோ. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. தட்டிக்கொண்டிருந்தால் சொல்லியிருப்பேனே, பாவி மனுஷா, தட்டிக்கொண்டே இருந்திருக்கக்கூடாதா? இப்படி உட்கார்ந்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்ல? இதற்குப் பதிலாக எதையாவது கொடுத்துவிட வேண்டும் போல இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிடலாமா, கொடுத்தால்தான் என்ன, வாரத்துக்கு ஒரு நாள்தானே, அவருக்கு வேறு என்ன இருக்கிறது? இப்படித்தானே ஒவ்வொன்றாகப் போயிற்று, ஒவ்வொரு முறையும் இப்படித்தானே, அவர் கேட்டுப் போகவில்லை, நான் பார்த்துப் பரிதாபப்பட்டே போயிற்று. வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். ஐயரம்மாவின் குரல் முதலில் வருகிறது. “மேபலக்கா, கதவு தொறந்தா கெடக்கு? வெளியவே கேட்டுதுக்கா, என்னா நல்லா வாசிக்கீய! ஞாயித்துக்கிழமைக்கு ரெடின்னு சொல்லுங்க, ஐயரு உங்களத்தான் நம்பியிருக்காவ.” நான் அத்தான் முன்னால் குனிந்தேன். முகத்துக்கு நேரே முகம், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொல்ல நினைத்தேன், ஆனால் குரல் உரக்க வந்துவிட்டது, முன்னறை வரைக்கும் கேட்டிருக்கும். “அத்தான், ஞாயித்துக்கிழமை நான் வாசிக்க மாட்டேன். வீட்ல வாசிப்பேன். கோயில்ல மாட்டேன்.” அவர் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கழுத்துத் துணியில் விழுந்தது. கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.